ஆக்னஸ் டீச்சர் முடிக்காமல் விட்ட வரி

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்து அடுப்படியில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தபோது போனில் டிங் என்று சத்தம் வந்தது. பெற்றோர் குழுவில் யாரோ ஆக்னஸ் டீச்சரின் படத்தைப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் பூ. கீழே எழுத்து எதுவும் இல்லை, கும்பிட்ட கை மட்டும். டீச்சருக்குப் பிறந்தநாள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்தடுத்து கும்பிட்ட கைகளாக வர ஆரம்பித்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு டீச்சருடைய எண்ணுக்கே கூப்பிட்டேன்.

எடுத்தது அவருடைய தங்கை. "மயிலக்காங்களா?" என்று கேட்டார். நான் பேர் சொல்லவில்லை. டீச்சர் தன் போனில் என் பேரை அப்படித்தான் பதிந்து வைத்திருந்திருக்கிறார். "நேத்து பூசை முடிஞ்சு வந்தாங்க. கஞ்சி குடிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் படுக்கறேன்னு போனாங்க. எந்திரிக்கவே இல்லீங்க அக்கா."

அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் ஒருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பேர் மயிலாத்தாள். தொண்டாமுத்தூருக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கும் நம் நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதினால் எழுத்து கோணிக்கொள்ளும். இதை நோட்டில் நானே எழுதினேன். இந்த வருடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிழையைத் திருத்தி, தட்டச்சு செய்து, நம் வலைப்பூவில் போடுகிறார்கள். டீச்சரிடம் படித்தவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே வலைப்பூவில் ஒரு பொய்யான செய்தி வந்தது. அதை எழுதிய கவிதா என்ற பெண்ணுக்கு ஊர் ஒரு பட்டப்பெயர் வைத்தது. பழியை டீச்சர் ஏற்றுக்கொண்டார். அந்தப் பொய் இரண்டு பேருடையதும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். டீச்சர் உயிரோடு இருந்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் டீச்சர் எப்படிப்பட்டவர் என்று சொன்னால்தான் நடந்தது புரியும்.

ஆக்னஸ் டீச்சர் சிங்காநல்லூரிலிருந்து வருவார். காந்திபுரத்தில் பஸ் மாறும்போது பேருந்து நிலையக் கடையில் மூன்று செய்தித்தாள் வாங்குவார். ஒன்று போதாதா என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஒரே கதையை மூணு பேரு சொன்னாத்தானுங்க எங்கே இட்டுக் கட்டியிருக்குதுன்னு தெரியும்" என்றார். எட்டாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் முதல் பாடவேளை செய்தி நேரம். தாள்களைத் தரையில் விரித்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, மூன்றிலும் ஒரே மாதிரி இருப்பதற்கு மட்டும் அடிக்கோடு போடச் சொல்வார். அது முடிந்ததும், "இது நம்ம ஊருக்குள்ள எங்கே இருக்குது? போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். பார்த்து வந்ததைப் பிள்ளைகள் எழுதுவார்கள். பள்ளியில் இருந்த ஒரே மடிக்கணினியில் அதைத் தட்டி, வலைப்பூவில் ஏற்றி, பெற்றோர் குழுவுக்கும் அனுப்புவார்கள்.

எனக்கு அதெல்லாம் முதலில் பிடிக்கவில்லை. தக்காளி விலை ஏறிவிட்டது என்று செய்தி வந்த ஒருநாள், நாலு பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். "அக்கா, போன வாரம் சாம்பாருக்கு எத்தனை தக்காளி போட்டீங்க? இன்னைக்கு எத்தனை போட்டீங்க?" எனக்குச் சுருக்கென்றது. கணக்குப் பார்க்க வந்துவிட்டதுகளா என்று கரண்டியை ஓங்கிக்கொண்டு விரட்டினேன். கொஞ்ச நேரத்தில் டீச்சரே வந்தார்.

"ஏனுங்க மயிலக்கா, என்ற நிருபருங்களை அடிக்கப் போனீங்களாமா?"

"பின்னே என்னங்க டீச்சர்? நான் என்னமோ தக்காளியை ஊட்டுக்குக் கொண்டுபோற மாதிரி கேக்குதுங்க."

"உங்களைக் குத்தஞ் சொல்ல வரலைங்க. பேப்பர்ல இருக்கற தக்காளி நம்ம அண்டாவுக்குள்ள எப்படி இருக்குதுன்னு பார்க்க வந்திருக்குதுங்க. விலை ஏறுனா ஆரு வயித்துல குறையுதுன்னு அதுங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் டீச்சர் ஒரு பெண்ணை அழைத்து வந்து, எழுதியதை என் முன்னால் வாசிக்கச் சொன்னார். "புளியைக் கொஞ்சம் கூட்டி, தக்காளி குறைந்தது தெரியாமல் மயிலக்கா சமைக்கிறார்" என்று இருந்தது. என் பேர் எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. "இதுல ஏதாச்சும் தப்பு இருக்குதுங்களா? உங்களைப் பத்தி எழுதுனதை உங்களுக்குக் காட்டாம ஊருக்குக் காட்டக்கூடாதுங்க" என்றார் டீச்சர். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் புளி சமாசாரத்தை ஊருக்குச் சொல்ல வேண்டாமே என்று எனக்கு இருந்தது. அதைச் சொன்னதும் சிரித்தார். "அது தப்பில்லைங்களே, ரகசியந்தானுங்களே?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார். நான்தான் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, "இருக்கட்டும் போங்க, போடுங்க" என்றேன்.

டீச்சர் ரொம்பப் பொறுமைசாலி என்று அடக்கத்தின்போது யாரோ பேசினார்கள். அது உண்மை இல்லை. சுள்ளென்று கோபம் வரும். மீதிச் சில்லறை தராத கண்டக்டரிடம் ஊர் வந்து சேரும் வரைக்கும் சண்டை போடுவார். கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் நோட்டை மேசையில் பட்டென்று போடுவார். ஆனால் தப்பு செய்தவரிடம் மட்டும் அவருக்குக் கோபமே வந்ததில்லை. மறைத்தவரிடம்தான் வரும்.

இதற்கு ஒன்று சொல்கிறேன். மாணிக்கம் தோட்டத்தில் ஆனை புகுந்தபோது, பத்துத் தென்னையைச் சாய்த்துவிட்டது என்று பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். பாதையில் நின்றவர்கள் சொன்னதை வைத்து எழுதியது. மாணிக்கம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். சாய்ந்தது நாலு மரம்தான். பிள்ளைகள் பயந்துபோய் அந்தச் செய்தியை அழிக்கப் போனார்கள். டீச்சர் விடவில்லை. "அழிச்சா, நாம தப்பே செய்யலைன்னு ஆயிரும் கண்ணு. எழுதுனது அப்படியே இருக்கட்டும். தப்புன்னு கீழே எழுதுங்க. ஆரைக் கேக்காம எழுதுனீங்கன்னும் எழுதுங்க."

வேறு யோசனை வந்தது போல மாணிக்கம் தலையைச் சொறிந்தார். "ஏனுங்க டீச்சர், அது பத்துன்னே இருந்துட்டுப் போகட்டுமுங்க. நஷ்டஈடு தர்ற ஆபீஸ்காரங்க கண்ணுல பட்டா நமக்கு நல்லதுதானுங்களே?"

"அப்படின்னா ஆனைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்க. மிச்சம் ஆறு மரத்துக்கு அது கையெழுத்துப் போடோணுமில்லீங்க" என்றார் டீச்சர். மாணிக்கம் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் செய்தி இன்றைக்கும் இருக்கிறது. மேலே பத்து, கீழே நாலு.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், ஆனி மாதத்தில் புது மூட்டை அரிசி வந்திருந்தது. களைந்தபோது சில அரிசி மட்டும் தண்ணீருக்கு மேலே மிதந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். மற்ற அரிசியைவிட வழவழப்பு. ஒன்றுபோல ஒன்று, அச்சில் வார்த்த மாதிரி. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். பிளாஸ்டிக்கில் அரிசி செய்து கலப்படம் செய்கிறார்கள் என்று அதில் ஒருவர் பதறிப் பதறிச் சொன்னார். மூட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்ல நான் யார்? யாரிடம் சொன்னால் யார் கோபித்துக்கொள்வார்களோ? அதனால் ஒருவரிடமும் சொல்லாமல், தினமும் மிதக்கிற அரிசியை அரித்து எடுத்து, மிச்சத்தைத்தான் உலையில் போட்டேன். பொறுக்கியதை முந்தானையில் முடிந்துகொண்டு போய் என் வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன்.

கவிதா அப்போது எட்டாவது படித்தாள். அப்பா இல்லை, அம்மா வாழைத்தோட்டத்து வேலைக்குப் போகிறவள். வகுப்புக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவள், நான் அரிசி பொறுக்குவதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க அக்கா பொறுக்கறீங்க? கல்லுங்களா?"

"பிளாஸ்டிக் அரிசி கண்ணு. பாரு, எப்படி மெதக்குதுன்னு. நாஞ் சொன்னேன்னு ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே, தாயி. என்ற வேலை போயிரும்."

"சொல்ல மாட்டேனுங்க" என்று சொல்லி, என் கையில் அடித்துச் சத்தியமும் செய்தாள்.

அவள் சத்தியத்தை மீறவில்லை. பிள்ளைகள் பிளாஸ்டிக்கைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்கவும் அவளால் முடியவில்லை. என் பேரை விட்டுவிட்டு எழுதினாள். டீச்சர் கேட்டாராம், யார் பார்த்தது என்று. "நானே கண்ணால பார்த்தேனுங்க டீச்சர். ஒருத்தரைக் கேட்டும் பார்த்தேனுங்க. ஆருன்னு சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனுங்க." கண்ணால் பார்த்திருக்கிறாள், கேட்டும் இருக்கிறாள். யார் பார்த்தது, யாரைக் கேட்டாய் என்று டீச்சர் எப்போதும் கேட்கும் இரண்டுக்குமே அதில் பதில் இருந்தது. அது வெள்ளிக்கிழமை; பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் டீச்சர் அடுப்படிக்கு வந்து பார்க்காமல் செய்தியைப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் கூட்டம். சொல்லவே கூசுகிறது, ஆனால் சொல்ல வேண்டும். வசதி உள்ளவர்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் தோட்டத்துக்கு ஓடுகிறவர்கள் என்ன கட்டிக் கொடுப்பார்கள்? "சோத்தைத் தொடாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். மூன்று நாள் அந்தப் பிள்ளைகள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்டா நிறையச் சோறு அப்படியே கிடந்தது. நான் ஆக்கிய சோறு அது.

நான்காம் நாள் மேலேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். அவர்தான் சொன்னார். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்தும் இன்னும் சில சத்துகளும் கலந்து, அரிசி வடிவில் செய்து, சாதாரண அரிசியில் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். ரத்தம் குறைந்த பிள்ளைகளுக்காக வருவது. மாவில் செய்தது என்பதால்தான் மிதக்கிறது. பிள்ளைகளின் ரத்தத்துக்கு என்று வந்ததைத்தான் நான் தினமும் பொறுக்கிக் கோழிக்குப் போட்டிருக்கிறேன்.

டீச்சர் அவர் சொன்னதோடு விடவில்லை. அன்றே எட்டாம் வகுப்பில் சின்ன அடுப்பை வைத்து, மிதந்த அரிசியை ஒரு சட்டியிலும், பால் கவரைப் பொடியாக வெட்டி இன்னொரு சட்டியிலும் போட்டு வேகவைத்தார். வாசலில் நின்ற பெற்றோரையும் உள்ளே கூப்பிட்டார். அரிசி குழைந்தது, கவர் குழையவில்லை. குழைந்ததை டீச்சர் எல்லோர் முன்னாலும் வாயில் போட்டுக்கொண்டார். "உப்புத்தான் இல்லீங்க" என்றார்.

பிறகு தலைமையாசிரியர் அறையில் விசாரணை. அதிகாரி, தலைமையாசிரியர், டீச்சர், கவிதா. நான் டீ கொண்டு போயிருந்தேன்.

"எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தானா தோணாதும்மா. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. யாருன்னு சொல்லிடு" என்றார் அதிகாரி.

கவிதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. "நானாத்தானுங்க நெனச்சேன்" என்றாள்.

தட்டை வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள் நான். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு இல்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

டீச்சர் எழுந்தார். "எழுதுனது பிள்ளைங்க சார். சரிபார்க்காம ஊருக்கே காட்டுனது நானுங்க. அவளைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க." எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். அந்த வருடம் முடியும் வரைக்கும் வலைப்பூவை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்துவதற்கு முன்னால், அந்தச் செய்தியை அழிக்காமல், அதன் கீழே டீச்சர் எழுதினார்: "மேலே உள்ளது தவறு. அரிசியில் பிளாஸ்டிக் இல்லை. மாணவி எழுதியதைத் தீர விசாரிக்காமல் வெளியிட்டது என் பிழை. – ஆக்னஸ்."

மறுநாள் மத்தியானம் கவிதா தட்டை நீட்டினாள். "சேர்த்திப் போடுங்க அக்கா. நான் வயிறார உங்கறதை எல்லாரும் பார்க்கட்டும்." நடுவில் உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடத் திரும்பி வந்துவிட்டார்கள். அவளுக்கு வந்த பேர் மட்டும் போகவில்லை. பிளாஸ்டிக் கவிதா. ரேஷன் கடை வரிசையில், பஸ்ஸில், ஒன்பதாவதுக்குப் போன புதுப் பள்ளிக்கூடத்தில். "கவிதா சொல்றாளா? மொதல்ல தண்ணியில போட்டுப் பாரு, மெதக்குதான்னு" என்பார்கள். என் காதுபடவே சொன்னார்கள். வகுப்பிலேயே நன்றாக எழுதியது அவள்தான். அதற்குப் பிறகு அவள் எதையும் எழுதவில்லை.

அடுத்த வருடம் டீச்சர் பல இடங்களுக்கு நடந்து, அனுமதி வாங்கி, வலைப்பூவைத் திரும்ப ஆரம்பித்தார். யார் பார்த்தது, யாரைக் கேட்டாய் என்று கரும்பலகை ஓரத்தில் எப்போதும் இருக்கும் இரண்டு கேள்விக்குக் கீழே மூன்றாவதாக ஒன்றை எழுதினார்: "அவருக்கு எப்படித் தெரியும்?"

ஒருநாள் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார். "மயிலக்கா, அந்த அரிசிச் செய்தியை நான் இன்னும் முடிக்கலீங்க. ஆரு சொன்னதுங்கற ஒரு வரி பாக்கி இருக்குது."

"ரசம் ஊத்தட்டுங்களா டீச்சர்?" என்றேன்.

"ஊத்துங்க" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரியும் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காததை எழுதக் கூடாது.

அடக்கத்துக்குச் சிங்காநல்லூர் போயிருந்தோம். கல்லறையில் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டோம். கவிதாவும் வந்திருந்தாள். இப்போது கல்லூரியில் முதல் வருடம். அவள் மண் போடக் குனிந்தபோது எனக்குப் பின்னால் ஒருவன் மெதுவாகச் சொன்னான், "பிளாஸ்டிக் கவிதா வந்திருக்குதுடா." இன்னொருவன் சிரித்தான். இரண்டு பேருக்கும் நான் சோறு போட்டிருக்கிறேன். டீச்சர் குழிக்குள் இருக்கிறார், அந்தப் பேர் வெளியே நின்று சிரிக்கிறது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் இப்போதைய தலைமையாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் யோசித்தார். "முடிஞ்சுபோன கதைங்க அக்கா. இதை இப்பப் போட்டு, மேலே யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"மயிலாத்தாள் சொன்னாள்னு சொல்லுங்க சார். நடந்ததும் அதுதானுங்களே."

"அப்ப எழுதி எட்டாவது பிள்ளைங்ககிட்டக் குடுங்க. அவங்க கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லோணும்."

கேட்டார்கள். எத்தனை நாள் பொறுக்கினேன், அந்த வீடியோவை அனுப்பியது யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒன்றையும் விடவில்லை. அனுப்பியது என் அண்ணன் மகன். அவனுக்கு எப்படித் தெரியும் என்பதற்கு அவனிடமே பதில் இல்லை. கடைசியில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "ஏனுங்க அக்கா, அந்தக் கோழிக்கெல்லாம் ரத்தம் நல்லா ஊறிருச்சுங்களா?" வகுப்பே சிரித்தது. டீச்சர் போன பிறகு நானும் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

இது யாரைப் பற்றியதோ அவளிடம் காட்டாமல் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கவிதா வீட்டுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வாசற்படியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். முடிந்ததும், "இப்ப எதுக்குங்க அக்கா? உங்களுக்கு வேலையில ஏதாச்சும் கோளாறு வந்துட்டா?" என்றாள்.

"வந்தா வரட்டும் கண்ணு. அஞ்சு வருசம் உன்ற தலையில வெச்சிருந்தது போதும்."

அவள் நோட்டை வாங்கி, விசாரணை நடந்த இடத்தைத் தேடி எடுத்தாள். "இது மட்டும் தப்புங்க அக்கா. நான் செவுத்தைப் பார்க்கலீங்க. உங்க பேரைச் சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தேனுங்க, எனக்கு அத்தனை பயம். டீச்சரைப் பார்த்தேன். வேண்டாம்னு தலையை லேசா ஆட்டுனாங்க. சத்தியம் பண்ணியிருக்கறயில்ல, அதைக் காப்பாத்துன்னு சொல்ற மாதிரி. அப்புறந்தான் எந்திரிச்சாங்க."

என் கண்ணில் அன்றைக்கு அது படவில்லை. நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சுவரைப் பார்த்தாள் என்று மேலே எழுதியதை அழிக்கவில்லை. கவிதா சொன்னதைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போது கேட்டேன், "உன்ற பேரைப் போடறதா, விட்டுப்போடறதா?"

"முழுப் பேரையே போடச் சொல்லுங்க" என்றாள் அவள். "பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துப்போடுங்க."

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், விளக்கம் எழுதிக் கொடுத்த மறுநாள் காலையைச் சொல்வேன். இனி இந்தப் பக்கமே வர மாட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முதல் மணி அடிக்கும் முன்னால் பையும் மூன்று செய்தித்தாளுமாக வந்து இறங்கினார். எப்படித்தான் டீச்சர் வந்தீங்க என்று கேட்டேன். "தப்பை ஒத்துக்கிட்டா தலை போயிராதுங்க அக்கா. மறுநாளும் பஸ்ஸு அதே நேரத்துக்குத்தான் வருது. ஏறி வந்துபோட்டேன்." ஐந்து வருடம் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். இனி அது எனக்கும்தான். நாளைக்கு இதை ஊரே படித்திருக்கும். நான் எப்போதும் போல எட்டரைக்கு அடுப்பைப் பற்றவைத்து, அரிசியைக் களைந்து, மிதப்பதையும் சேர்த்தே உலையில் போடுவேன். கேட்கிறவர்கள் நேராக அடுப்படிக்கே வந்து கேட்கலாம்.

அந்தப் பழைய செய்திக்கு அடியில், டீச்சர் எழுதியதற்கு அடுத்ததாகப் பிள்ளைகள் இதைச் சேர்க்கிறார்கள்:

"பிளாஸ்டிக் என்று சொன்னது நான். கவிதாவும் ஆக்னஸ் டீச்சரும் அல்ல. – மயிலாத்தாள், சமையலர்."